வாழைக்கு இருபது டிகிரி

வாழையை வீட்டுக்குள் கொண்டுவந்தது அக்டோபர் ஒன்பதாம் தேதியா பதினொன்றாம் தேதியா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. ஒன்பது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அப்புறம் யோசித்துப் பார்த்ததில் பதினொன்றாகவும் இருக்கலாம் என்று தோன்றுகிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து வந்ததும் உடைகூட மாற்றாமல் தொட்டியை நகர்த்தினேன் என்பது மட்டும் நிச்சயம். அறுபது வயதுக்கு மேல் தேதிகள் இப்படித்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. வெப்பநிலை அப்படியில்லை. வெளியே நான்கு டிகிரி, உள்ளே இருபது. அதில் சந்தேகமே கிடையாது. மற்றவற்றில் எங்காவது முன்பின்னாகச் சொன்னால், வேண்டுமென்றே சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் போக்கிலேயே எழுதித் தரலாம் என்றதற்கு நன்றி அம்மா. காப்பியும் நன்றாக இருந்தது.

எங்கள் ஊர் சுவாவ்கிக்குக் கிழக்கே இருக்கிறது. நாட்டிலேயே எங்கே அதிகக் குளிர் என்று வானொலியில் சொல்லும்போதெல்லாம் எங்கள் பக்கத்துப் பெயர்தான் வரும். ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து வரை போகும். இப்படிப்பட்ட இடத்தில் வாழையும் பப்பாளியும் இஞ்சியும் வளர்க்கிறவர்களை மறை கழன்றவர்கள் என்றுதான் ஊரில் சொல்வார்கள். எங்கள் தெருவில் அப்படி இரண்டு பேர். நான் ஒருத்தி. வேலிக்கு அந்தப் பக்கம் ஷிமோன். ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்றவர். அவரிடம் ஒரு எலுமிச்சை இருந்தது. பன்னிரண்டு வருடமாக ஒரு காய்கூட வைத்ததில்லை. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை, அவர்தான் என் வாழையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்.

"பானி ரெகினா, உங்க வாழை குலை தள்ளுற அன்னிக்கு நான் இந்த மீசையை எடுத்துடறேன்" என்பார், எப்போதும் மரியாதையாகப் 'பானி' போட்டுத்தான். முப்பது வருட மீசை. ஆகவே அது சின்னப் பந்தயம் அல்ல.

உலகத்தில் எங்கோ செம்பருத்தி வேலியோரமாகச் சும்மா நிற்குமாம். பப்பாளி குப்பைமேட்டில் தானாக முளைக்குமாம். படித்திருக்கிறேன். நம்பக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. என்னிடம் இருந்த செம்பருத்திக்கு மாதம் ஒருமுறை ஒவ்வொரு இலையாக ஈரத் துணியால் துடைத்துவிடுவேன்.

இந்தச் செடிகளில் இரண்டு சாதி உண்டு. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் உங்களுக்குச் சுலபமாகிவிடும். ஒன்று, குளிர்காலம் முழுக்கத் தூங்குகிறவை. அரளி, அத்தி, தொங்கு ஊமத்தை, கல்வாழைக் கிழங்கு. இவற்றுக்கு எட்டு டிகிரி போதும். வெளிச்சம் அதிகம் வேண்டாம், தண்ணீர் அதிகம் வேண்டாம், உரம் அறவே கூடாது. செத்துப்போனது மாதிரி நிற்கும். பழக்கமில்லாதவர்கள் பதறிப்போய் தண்ணீர் ஊற்றி அழுகவைத்துவிடுவார்கள். இன்னொரு சாதி தூங்கவே தெரியாதவை. வாழை, பப்பாளி, இஞ்சி, செம்பருத்தி. இவற்றுக்கு இருபது டிகிரி வேண்டும், காற்றில் ஈரம் வேண்டும், கூடவே ஆள் வேண்டும்.

எங்கள் வீட்டில் இரண்டு சாதிக்கும் இடம் இருந்தது. தெற்குப் பார்த்த அறையில் ஓடு பதித்த நிலக்கரிக் கணப்பு. வீட்டில் சூடான அறை அது ஒன்றுதான். அதை ஒட்டி ஒரு கண்ணாடி வராந்தா. இடித்துப் போட்ட பழைய பள்ளிக்கூடத்தின் ஜன்னல்களை வாங்கிவந்து என் கணவர் எமில் தன் கையாலேயே கட்டியது. அவர் ஜன்னல் சட்டம் செய்கிற பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் அந்த வராந்தாவில் ஏழு எட்டு டிகிரிக்குக் கீழே போகாது. அந்த மாதிரி வேலைக்காரர்.

எமிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். குழந்தைகள் இல்லை. மாலை முழுக்க இரண்டு பேரும் ஒரே அறையில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்போம். பார்க்கிறவர்கள் சண்டை என்று நினைப்பார்கள். சண்டை இல்லை, எங்கள் ஓய்வு அப்படி. பேசினால் ஏதாவது நையாண்டியாகத்தான் பேசுவார். இரண்டு வருடம் முன்பு பிப்ரவரியில் வராந்தாக் கூரைமேல் பனி அதிகமாகிவிட்டது, கண்ணாடி உடைந்தால் செடிகள் போய்விடுமே என்று ஏணி வைத்து ஏறினார். ஏணி சறுக்கியது. இடுப்பு எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அறுவை சிகிச்சை சரியாகப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு கட்டில், சக்கர நாற்காலி, மறுபடி கட்டில். நெஞ்சிலும் சளி கட்டிக்கொண்டது.

அவருக்கு நான் செய்யாதது இல்லை. குளிப்பாட்டினேன், புரட்டிப் படுக்கவைத்தேன், முதுகில் களிம்பு தடவினேன். இருபது மாதம். இங்கே ஒன்றை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். ஒரு செடிக்கு நீங்கள் ஏதாவது செய்தால் அது உங்களுக்குப் பதில் சொல்லும். இன்று தண்ணீர் ஊற்றினால் நாளை தலை நிமிர்த்தும். எமிலுக்கு எவ்வளவு செய்தாலும் ஒரு இலைகூட வரவில்லை. ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் குறைந்துதான் போனார். இது அவர் குற்றமில்லை. நான் குற்றம் சொல்லவும் இல்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

அக்டோபரில் வாழையை உள்ளே கொண்டுவந்தேன் என்றேன் அல்லவா, அதன் கடைசி இலை குட்டையாக வந்திருந்தது. முந்தைய இலையில் பாதிகூட இல்லை. வாழை வளர்ப்பவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். அடுத்து வருவது இலை இல்லை, பூ. எங்கள் மாவட்டத்தில் வாழை பூத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. 

ஆனால் எமிலின் கட்டில் அதே அறையில்தான் இருந்தது. ஈரக் காற்று அவர் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வாழைக்கோ ஈரம் இல்லாவிட்டால் பூ பாதியில் நின்றுவிடும். கணப்பின் மேல் தண்ணீர்ச் சட்டி வைத்தால் எமில் இருமினார். எடுத்தால் இலையோரம் கருகியது. இப்படியே இரண்டு வாரம் சட்டியை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். இன்னொரு அறையைச் சூடாக்க நிலக்கரியும் இல்லை, கணப்பும் இல்லை. எமில் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"வாழைக்கு இடம் பத்தலைன்னா என்னைத் தூக்கி வராந்தாவுல வையேன். நான் என்ன பூக்கவா போறேன்?"

இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். யோசனை அவருடையது. நான் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார் என்பதும் உண்மை. ஆனால் அவர் எதைத்தான் சிரிக்காமல் சொன்னார்?

நவம்பர் முதல் வாரத்தில் ஷிமோனைக் கூப்பிட்டுக் கட்டிலை வராந்தாவுக்கு மாற்றினேன். எமிலைத் தூக்க அப்போது இரண்டு பேர் வேண்டியிருந்தது. "கண்ணாடி வழியா வெளிச்சம் வருது, நல்லதுதான்" என்று ஷிமோன் சொன்னார். பகலுக்கு மட்டும் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். முதல் நாட்களில் அப்படித்தான் நினைத்தேன் என்றும் தோன்றுகிறது. இதிலும் என் நினைவு அவ்வளவு தெளிவாக இல்லை. இரண்டு ரஜாய் போர்த்தி, காலடியில் வெந்நீர்ப் பை வைத்தேன். ஒரு பக்கம் அத்தி, மறுபக்கம் அரளி, நடுவில் எமில். அவர் கட்டிய இடத்திலேயே அவர். பார்க்க அழகாகவே இருந்தது.

வாரம் ஒருமுறை வருகிற தாதியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். நாத்தனார் வந்து பார்த்துக்கொள்கிறாள் என்று போனில் சொன்னேன். அது பொய். கதவைத் திறந்து திறந்து மூடினால் சூடு வெளியே போய்விடும், அதுதான் காரணம்.

நவம்பர் இருபத்துமூன்றாம் தேதி வாழையின் நடுவிலிருந்து சிவப்பு மூக்கு ஒன்று எட்டிப் பார்த்தது. இந்தத் தேதியில் சந்தேகம் இல்லை. ஓடிப்போய் ஷிமோனை அழைத்துவந்தேன். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். மறுநாள் காலையில் மீசை இல்லாமல் வந்தார். மேலுதடு வெள்ளையாக, குழந்தை மாதிரி இருந்தது. நானும் அவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். வராந்தாவிலிருந்து எமில், என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். "நல்லது" என்றார். அதை நையாண்டியாகச் சொல்லவில்லை, அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அவர் இரவில் விழித்துக்கொண்டு கூப்பிடுவார். எனக்கோ கணப்பைப் பார்க்க இரவில் இரண்டு முறை எழ வேண்டும், அதற்கு மேல் முடியவில்லை. அப்போதுதான் யோசித்தேன். தூங்கும் செடியின் அடியில் சூடு வைத்தால் அது விழித்துக்கொள்ளும். வெளிச்சமில்லாத மாதத்தில் விழித்த செடி வெளிறி நீண்டு வீணாகும். இது தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. டிசம்பர் முதல் வெந்நீர்ப் பையை நிறுத்தினேன். உண்மையிலேயே அதிகம் தூங்க ஆரம்பித்தார். தண்ணீரை ஒரு நாளைக்கு இரண்டு கோப்பையாகக் குறைத்தேன், படுக்கை நனைவது குறைந்தது. மதியம் ஒரு கிண்ணம் சூப். தூங்குகிற காலத்தில் உரம் எதற்கு?

என் நோட்டுப் புத்தகத்தில் நீங்கள் மஞ்சள் காகிதம் ஒட்டிவைத்திருக்கும் பக்கங்கள் இவைதான். "அத்தி, எட்டு டிகிரி, மாதம் இருமுறை தண்ணீர். எமில், எட்டு டிகிரி, இரண்டு கோப்பை. அரளி, எட்டு டிகிரி, இலையில் செதில்பூச்சி, துடைத்தேன்." நேற்று இதைச் சத்தமாகப் படித்துவிட்டு நீங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்கு அந்த மௌனம் பழக்கமானது, அதனால் காத்திருந்தேன். ஒளிக்க வேண்டிய விஷயம் என்று நினைத்திருந்தால் எழுதிவைத்திருப்பேனா? பிறகு உங்கள் ஜன்னலில் இருக்கும் செடிக்குத் தண்ணீர் அதிகம் என்று சொன்னேன். இன்றும் ஊற்றியிருக்கிறீர்கள். வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்கு எமிலின் அக்கா வாந்தா பியாவிஸ்தோக்கிலிருந்து இரண்டு நாள் வந்தாள். அந்த இரண்டு நாளும் எமிலைக் கணப்பு அறையில்தான் வைத்திருந்தேன். வாழையை மூலைக்குத் தள்ளி வெள்ளைத் துணி போர்த்தி, தண்ணீர்ச் சட்டியை எடுத்துவிட்டேன். எமில் முட்டைக்கோசும் காளானும் வைத்த கொழுக்கட்டை பதினொன்று சாப்பிட்டார். மெலிஞ்சு போயிட்டானே என்று வாந்தா கேட்டாள். படுத்தே இருந்தால் சதை கரையும் என்றேன். அதுவும் உண்மைதானே.

சாப்பாட்டுக்குப் பிறகு எமில் சொன்னார். "நான் இப்ப தூங்குற செடிக் கணக்கு, வாந்தா. இவ என்னை மே மாசம்தான் எழுப்புவா."

"உனக்கென்னடா, கண்ணாடி மாளிகையில ராஜா மாதிரி படுத்திருக்க" என்றாள் வாந்தா. "நான் நாலாவது மாடியில லிஃப்ட் இல்லாம மூட்டு தேஞ்சு சாகறேன். வா, மாத்திக்கலாம்."

எல்லாரும் சிரித்தோம். எமிலும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் இப்போதுதான் புரிகிறது என்று வாந்தா உங்களிடம் சொன்னாளாம். அப்போது அவள் என்னிடம் கேட்டது கொழுக்கட்டை மாவில் வெந்நீர் விடுவாயா, பச்சைத் தண்ணீர் விடுவாயா என்றுதான்.

அவள் போன மறுநாள் காலை, எல்லாம் பழைய இடத்துக்குப் போயின.  வழியில் வாழையைக் கடக்கும்போது எமில் கையை நீட்டி ஒரு இலையைத் தொட்டார். கிழிப்பாரோ என்று ஒரு கணம் பயந்தேன். தொட்டுவிட்டு விட்டுவிட்டார்.

ஜனவரியும் பிப்ரவரியும் நன்றாகவே போயின. குலையில் நான்கு சீப்பு. ஒவ்வொரு காயும் என் சுண்டுவிரல் அளவு. நான் தினமும் அளந்தேன். மார்ச்சில் ஒருநாள் எமிலுக்குச் சூப் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் கரண்டியைக் கையால் தடுத்தார்.

"ரெகினா, நான் செடி இல்ல."

"தெரியும்" என்றேன்.

கட்டிலைக் கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளிப் போட்டேன். என் புத்தி சரியாக இருந்ததா என்று பார்க்க ஒரு டாக்டர் வருவார் என்கிறீர்கள். வரட்டும். ஆனால் அவருக்குச் சிரமம் வேண்டாம். எனக்குத் தெரியும் என்று அன்றே சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் கடைசியில் திடீரென்று நல்ல வெயில். கணப்பே மூட்ட வேண்டியிருக்கவில்லை. எமில் தன்னைப் பழைய அறைக்கு மாற்றச் சொன்னார். இப்போது எல்லாம் ஒரே சூடுதானே என்றார். நியாயமான கேள்விதான். "சோஷ்கா போகட்டும்" என்றேன். உங்களுக்கும் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் இந்தப் பக்கத்தவர்தான். மே பன்னிரண்டு பங்கிராசி, பதின்மூன்று செர்வாசி, பதினான்கு போனிபாசி, பதினைந்து குளிர்க்காரி சோஷ்கா. இந்த நான்கு புனிதர்களின் நாட்களும், அவர்களோடு வருகிற கடைசி உறைபனியும் தாண்டிப் போகும்வரை எங்கள் ஊரில் ஒருவரும் ஒரு தக்காளி நாற்றைக்கூட நம்பி வெளியே நட மாட்டார்கள். எமிலும் இந்த ஊர்க்காரர். "ஆமா, சோஷ்கா போகட்டும்" என்று அவரே தலையாட்டினார். அதற்குமேல் கேட்கவில்லை.

ஷிமோனுக்குத்தான் பொறுமை இல்லை. என் குலையைப் பார்த்ததிலிருந்து அவருக்கு ஒரு வேகம். மே ஆறாம் தேதியே எலுமிச்சையை மண்ணில் இறக்கிவிட்டு, "புனிதர்களுக்கும் வயசாயிடுச்சு, பானி ரெகினா, இந்த வருஷம் வரமாட்டாங்க" என்றார்.

நான் முறைப்படிதான் செய்தேன். முதலில் பழக்க வேண்டும். வீட்டுக்குள் இருந்த செடியை நேரே வெளியே வைத்தால் வெயிலே அதைச் சுட்டுவிடும். முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு, அப்புறம் அரை நாள். மாலையில் எல்லாம் உள்ளே. மே ஐந்தாம் தேதி ஆரம்பித்தேன். முப்பத்துநான்கு தொட்டிகள், கூடவே எமில். அவரை இப்போது நான் ஒருத்தியே தூக்கி நாற்காலியில் வைக்க முடிந்தது. அது எனக்கு வசதியாக இருந்தது. ஆப்பிள் மரங்கள் பூத்திருந்தன. எமில் கண்ணை மூடி முகத்தை வெயிலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் நான் கல்வாழைக் கிழங்குகளைப் பிரித்துக்கொண்டிருப்பேன். மணிக்கணக்காக ஒரு வார்த்தை இல்லை. எங்கள் கல்யாணத்தில் நல்ல நாட்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அந்த எட்டு நாளைத்தான் சொல்வேன். அவரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

பதின்மூன்றாம் தேதி, செர்வாசி. காலையிலிருந்து எல்லாமே வெளியில். மாலை ஐந்து மணிக்குக் காற்று நின்றுவிட்டது. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. அந்த அமைதி எங்களுக்குத் தெரியும். வானொலியில் விடியற்காலை பூஜ்யத்துக்குக் கீழே மூன்று என்றார்கள். தெரு முழுக்க ஆட்கள் பழைய திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஷிமோன் எலுமிச்சையைச் சுற்றி வைக்கோல் கொளுத்திப் புகை போட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் யாரையும் பார்க்க நேரமில்லை.

உள்ளே எடுப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அதிகம் நலிவது முதலில், அதிகம் தாங்குவது கடைசியில். குலையோடு வாழை, பிறகு பப்பாளி, இஞ்சி, செம்பருத்தி. வராந்தாவின் சாய்வுப் பலகை ஒன்றுதான் வழி, ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஏறும். தொங்கு ஊமத்தை ஒரு டிகிரி உறைபனிக்குக்கூடக் கருகும். அரளி மூன்று தாங்கும். அத்தி ஐந்து. எமில் இந்த ஊரிலேயே பிறந்தவர்.

நான் பப்பாளியோடு பலகையில் ஏறும்போது ஒருமுறை கூப்பிட்டார். பப்பாளித் தண்டு கண்ணாடி மாதிரி, பாதியில் இறக்க முடியாது. அப்புறம் என்றேன். செம்பருத்தியின்போது இன்னொருமுறை. அப்போதும் அப்புறம் என்றேன். அத்தி கடைசியாக உள்ளே வந்தபோது மணி ஒன்பதரை.  கணப்பை மூட்டினேன், வாழை இருக்கும் அறை இருபது டிகிரி ஆகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். தேநீர் போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். முற்றத்தில் நாற்காலி தெரிந்தது. அவர் மடியில் பகலில் போட்ட சால்வை. ரஜாய் இரண்டையும் வராந்தாவில் அரளிக்கும் அத்திக்கும் போட்டிருந்தேன்.

"ரெகினா" என்றார். சத்தமாக இல்லை. சத்தம் போட அவரிடம் மூச்சு இல்லை. "என்னை மறந்துட்டியா?"

ஜன்னலைத் திறந்தேன். "மறக்கல" என்றேன்.

 "அப்ப சரி" என்றார்.

சூடு வெளியே போகாமல் ஜன்னலை மூடினேன்.

நான் அசந்து தூங்கியிருப்பேன், பாவம், களைப்பு என்று வாந்தா முதலில் எல்லாரிடமும் சொன்னாளாம். என்மேல் அன்பினால் சொன்னது. அது சரியில்லை. நான் தூங்கவில்லை. பத்து மணிக்குப் பூஜ்யம். பதினொன்றுக்குக் கீழே ஒன்று. ஒரு மணிக்குக் கீழே இரண்டு. நான்கு மணிக்கு மூன்றரை. எல்லாம் நோட்டில் இருக்கிறது, என் கையெழுத்துதான், கோணலாகக்கூட இல்லை. ஒவ்வொரு முறையும் தெர்மாமீட்டரைப் பார்க்க ஜன்னலுக்கு வந்தேன், ஒவ்வொரு முறையும் அவரைப் பார்த்தேன். உள்ளே கொண்டுவந்தால் மறுபடி அதே வராந்தா, அதே சூப், அடுத்த நவம்பர். அதை அவரும் யோசித்திருப்பார். நான் அவரை வெளியே விட்டேன். மறதி இல்லை, களைப்பு இல்லை. விட்டேன்.

காலை ஆறரைக்கு வெயில் வந்ததும் போய்ப் பார்த்தேன். புருவத்தில் உறைபனி. ஏழு மணிக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வந்த டாக்டர் இளம்பெண். எமிலின் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இவர் எடை என்ன என்று கேட்டாள். நாற்பத்து நான்கு கிலோ இருந்திருக்கிறது. நான் எமிலை எடை போட்டதே இல்லை. எனக்கு அது தெரியாது.

இப்போது மீதி. எமில் ஊர்க் கல்லறையில், அவருடைய பெற்றோருக்குப் பக்கத்தில் இருக்கிறார். தெற்குப் பார்த்த சரிவு, தண்ணீர் தேங்காது. வாந்தா மறுபடி பியாவிஸ்தோக்குக்குப் போய்விட்டாள். என்னிடம் பேசுவதில்லை. பிரேதப் பரிசோதனை முடிந்து அடக்கம் நடந்த மே கடைசியில்தான் குலையும் பழுத்தது. நீங்கள் என்னைக் கூட்டிப்போகும் முன் அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தேன், வாந்தாவும் அழுதுகொண்டே சாப்பிட்டு இனிப்பாக இருக்கிறது என்றாள். ஷிமோனின் எலுமிச்சை அந்த விடியற்காலையில் கருகிப்போனது. மீசையைத் திரும்ப வளர்க்கிறார். என் தொட்டிகள் முப்பத்துநான்கும் அவரிடம்தான் இருக்கின்றன. குலை தள்ளிய வாழை அதன் வழக்கப்படி மடிந்துவிட்டது, அடியில் மூன்று கன்றுகள் விட்டிருக்கிறது. அவற்றை அக்டோபர் பத்துக்குள் உள்ளே எடுக்க வேண்டும் என்று யாராவது அவரிடம் சொல்லுங்கள். நான் இங்கே இருக்கிறேன். அறை பதினெட்டு டிகிரி இருக்கும், எனக்குப் போதும்.

கையெழுத்துப் போடும் முன் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முப்பது வருடமாக இந்த ஊரில் தோட்டம் வைத்திருக்கிறேன். இதுவரை குளிருக்கு நான் ஒன்றைக்கூடப் பறிகொடுத்ததில்லை.